கோட்டம்

பாடி மேம்பாலத்தில் ஏறும்போது பின்சக்கரத்திலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. நான்கு மாதங்களில் நான்காவது முறை என்பதால் குனிந்து பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. போக்ஸ் கம்பி. வண்டியை ஓரங்கட்டி, நடுவில் இரண்டாக மடித்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆபீஸ் போய்ச் சேர்ந்தேன். மடக்கு சைக்கிள் வாங்கியதன் முழுப் பயனை அனுபவித்தது அன்றைக்குத்தான்.

என்னுடையது 20 இஞ்ச் சக்கரம் வைத்த மடக்கு மின்சைக்கிள். பின்சக்கரத்தின் நடுவில், ஹப் இருக்க வேண்டிய இடத்தில், சின்ன டிபன் டப்பா அளவில் ஒரு மோட்டார். 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் தாண்டாத வரை லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம் என்பது இங்குள்ள விதி. வாங்கிய இடத்தில் கேட்டதற்கு, கம்பியை மட்டும் மாற்றித் தர முடியாது, மோட்டாரோடு சக்கரத்தையே மாற்ற வேண்டும், பதிமூன்றாயிரம் ஆகும் என்றார்கள். உடைந்தது பத்து ரூபாய்க் கம்பி. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரம்பூரில் ஒரு பாய் கடை இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர். முந்தைய மூன்று முறையும் அவர்தான் கம்பி மாற்றி கோட்டம் எடுத்துக் கொடுத்தார். ‘கோட்டம்’ என்ற சொல்லை நான் முதலில் கேட்டது சைக்கிள் கடையில்தான். ஒரு பக்கம் சாய்ந்த சொல்லுக்கு வள்ளுவர் பயன்படுத்துவதும் இதே சொல் என்று பள்ளிக்கூடத்தில் பிறகுதான் படித்தேன். நான்காவது முறை போனபோது பாய் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்து, “தம்பி, இது நம்ம கைக்கு அடங்கல” என்றார். அவர் முகத்தில் இருந்தது சலிப்பு அல்ல, அவமானம். அம்பது வருஷமாக சக்கரம் கட்டுகிறவர்.

எனக்குக் கோபம் வந்தால் சண்டை போட வராது, படிக்கத்தான் வரும். மூன்று வாரம் படித்தேன்.

*

மாட்டுவண்டிச் சக்கரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். நடுவே குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், வெளியே வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை. வண்டியின் பாரம் குடத்தில் இறங்கி, குடத்துக்கு நேர்கீழே இருக்கும் ஆரக்காலை அழுத்தி, தரைக்குப் போகிறது. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு ஆரக்கால்கள்தான் தூண் மாதிரி முட்டுக்கொடுத்து நிற்கின்றன. அதனால்தான் அவை அவ்வளவு தடிமன்.

கம்பியால் முட்டுக்கொடுக்க முடியாது. ஒரு நூலைப் பிடித்து எதையாவது தள்ளிப் பாருங்கள், வளைந்துவிடும். நூலுக்குத் தெரிந்தது இழுப்பது மட்டும்தான். அப்படியிருக்க, இரண்டு மில்லிமீட்டர் கம்பிகளை வைத்து எண்பது கிலோ ஆளைத் தாங்கும் சக்கரத்தைச் செய்யலாம் என்று யாருக்கு முதலில் தோன்றியிருக்கும்?

தோன்றியது ஜார்ஜ் கேய்லி என்ற யார்க்‌ஷயர் நிலப்பிரபுவுக்கு. அவர் யோசித்துக்கொண்டிருந்தது சைக்கிளைப் பற்றி அல்ல. அப்போது சைக்கிளே கிடையாது. அவர் பறக்கும் இயந்திரத்துக்குச் சக்கரம் தேடிக்கொண்டிருந்தார். விமானமும் கிடையாதுதான். ரைட் சகோதரர்கள் பறக்க இன்னும் 95 வருடம் இருக்கிறது. ஆனால் எடை குறைவாக இருந்தால்தான் எதுவும் மேலே எழும்பும் என்பதில் கேய்லிக்குச் சந்தேகம் இல்லை. மரச்சக்கரமோ கனம். 1808 மார்ச்சில் தன் குறிப்பேட்டில் ஒரு சக்கரத்தை வரைகிறார்: ஆரக்கால்களுக்குப் பதிலாக, விளிம்பிலிருந்து நடுவை எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடிக்கும் முறுக்கிய கயிறுகள். சிலந்தி வலையின் நடுவே சிலந்தி மாதிரி, எல்லா நூலும் தன்னை இழுப்பதாலேயே எங்கும் போகாமல் நிற்கும் ஒரு குடம்.

கேய்லியின் ஊர் பெயர் பிராம்ப்டன். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற மடக்கு சைக்கிளின் பெயரும் பிராம்ப்டன். இதைக் கண்டுபிடித்த இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. சைக்கிளுக்குப் பெயர் வந்தது லண்டனில் இருக்கும் பிராம்ப்டன் ஆரட்டரி என்ற தேவாலயத்திலிருந்து. அதை வடிவமைத்த ஆண்ட்ரூ ரிச்சியின் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் தெரியுமாம்.

கேய்லியின் யோசனை சைக்கிளுக்கு வர அறுபது வருடம் ஆனது. 1860களில் பாரிஸில் ஓடிய மிஷோ வண்டிகளில் மரச்சக்கரம்தான். கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்பு கழன்றுவிடும் என்று ஆங்கிலேயர்கள் அதற்கு ‘எலும்பாட்டி’ என்ற பொருளில் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1869-இல் பாரிஸ் மெக்கானிக் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக இறுக்கலாம், தளர்த்தலாம்.

அடுத்த வருடமே கடலுக்கு அந்தப் பக்கம் கவெண்ட்ரியில், தையல் மெஷின் கம்பெனியிலிருந்து சைக்கிளுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் ‘ஏரியல்’ என்ற வண்டியைக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தட்டு அளவு. அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டார்லியின் சக்கரத்தில் கம்பியைத் தனித்தனியாக முறுக்கும் வேலையே இல்லை. ஹப்பிலிருந்து விளிம்புக்கு இரண்டு நெம்புகோல் தண்டுகள். அவற்றை முறுக்கினால் விளிம்பைப் பொறுத்து ஹப் கொஞ்சம் திரும்பும், நேராக இருந்த எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் சாய்ந்து இறுகும். பிரமாதமான யோசனை. கோட்டம் எடுக்கும் ஆளே வேண்டாம், ஒரு ஸ்க்ரூ போதும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கோட்டம் என்பது எல்லாக் கம்பியும் சேர்ந்து தளர்வதால் வருவதல்ல. ஏதோ ஒரு இடத்தில் நாலு கம்பி மட்டும் தளர்வதால் வருவது. எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கினால் தளர்ந்தது கொஞ்சம் இறுகும், ஏற்கெனவே இறுகியிருந்தது இன்னும் இறுகும். கோட்டம் அப்படியே இருக்கும். அதே 1870-இல் கிரௌட் என்ற இங்கிலாந்துக்காரர், கம்பியின் நுனியில் மரை போட்டு, ரிம்மில் உட்காரும் ஒரு சின்ன நிப்பிளால் முறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்குப் பாய் கடையில் இருக்கும் சக்கரம் இந்தப் பரம்பரைதான். நானும் என் வேலையில் ‘ஒரே பட்டனில் எல்லாவற்றையும் சரிசெய்யும்’ எத்தனையோ மென்பொருளைப் பார்த்திருக்கிறேன், இரண்டு எழுதியும் இருக்கிறேன். ஸ்டார்லி மேல் எனக்கு அனுதாபம்தான்.

ஸ்டார்லி லேசுப்பட்டவர் இல்லை. 1874-இல் அவர் கொடுத்த இன்னொரு காப்புரிமைதான் என் கதைக்கு முக்கியம். ஏரியலில் பெடல் முன்சக்கர ஹப்பிலேயே இருந்தது. மிதித்தால் முதலில் திரும்புவது ஹப்; அது கம்பிகள் வழியாக விளிம்பைத் திருப்ப வேண்டும். கம்பி ஹப்பிலிருந்து நேராக வெளியே போனால், அதனால் திருப்பும் விசையைக் கொண்டுபோக முடியாது. ஹப் கொஞ்சம் முன்னால் சுழன்று, கம்பிகள் எல்லாம் சாய்ந்த பிறகுதான் விளிம்பு நகரும். ஸ்டார்லி கம்பிகளைச் சாய்த்தே கோர்த்தார். ஹப்பின் விளிம்பைத் தொட்டபடி பாதி முன்னோக்கியும் பாதி பின்னோக்கியும், ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டு. மிதிக்கும்போது ஒரு பாதி இழுக்கும். மறுபாதி தளர்ந்து கொடுக்கும். உங்கள் வீட்டு சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒரு கம்பியைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். ரிம்மைச் சேர்வதற்குள் மூன்று அல்லது நான்கு கம்பிகளைத் தாண்டும். அது 1874.

*

கம்பிச் சக்கரத்தில் ஹப் மேல்கம்பிகளில் தொங்குகிறது என்றுதான் நானும் கல்லூரியில் நினைத்திருந்தேன். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1981-இல் சக்கரத்துக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அதில் கம்ப்யூட்டர் கணக்கு போட்டு அவர் காட்டியது வேறு: நீங்கள் உட்கார்ந்ததும் மேல்கம்பிகளில் இழுவிசை கிட்டத்தட்ட மாறுவதில்லை. தரையைத் தொடும் இடத்துக்கு மேலே இருக்கும் சில கம்பிகளில் மட்டும் இழுவிசை குறைகிறது. முன்கூட்டியே இறுக்கி வைத்ததால், குறைவது என்பது அழுத்தத்தைத் தாங்குவதற்குச் சமம். ஆக, சக்கரம் நிற்பது கீழ்க்கம்பிகளின் மேல்தான், மாட்டுவண்டி மாதிரியே. இதைச் சொன்னதற்காக சைக்கிள்காரர்கள் அவரோடு பல வருடம் சண்டை போட்டார்கள்.

இதிலிருந்து ஒன்று புரியும். சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து ஒருமுறை இறுகும். பாயிடம் வரும் 28 இஞ்ச் சைக்கிளில் பத்து கிலோமீட்டருக்கு சுமார் 4,500 முறை. என் 20 இஞ்ச் சக்கரத்தில் சுமார் 6,450. போதுமான அளவு இறுக்கியிருந்தால் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. தொளதொளவென்று இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து, நெளிந்து, திரும்ப இழுபட்டு, ஒருநாள் களைத்துப் போய் உடையும். அதிகம் இறுக்கியதால் உடைகிற கம்பி அபூர்வம்.

சின்னச் சக்கரத்துக்கு எதற்கு ஆசைப்பட்டார்கள் என்றால், மடக்கத்தான். இரண்டாம் உலகப்போரில் பி.எஸ்.ஏ கம்பெனி பாராசூட் வீரர்களுக்காகச் செய்த மடக்கு சைக்கிள் பெரிய சக்கரம்தான். நடுவில் இரண்டு மரையைக் கழற்றி மடக்கிக்கொண்டு குதித்தார்கள். (நம் ஊரில் எண்பது, தொண்ணூறுகளின் பிள்ளைகள் ஓட்டிய பி.எஸ்.ஏ எஸ்.எல்.ஆர் இந்தப் பெயரின் மிச்சம். பெயருக்கு உரியது பர்மிங்காமின் துப்பாக்கி கம்பெனி. சைக்கிள் செய்தது 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ்.) 1962-இல் அலெக்ஸ் மோல்டன், சின்னச் சக்கரமும் நல்ல காற்றழுத்தமும் சஸ்பென்ஷனும் சேர்ந்தால் பெரிய சக்கரத்துக்கு ஈடாக ஓடும் என்று காட்டினார். ரிச்சி தன் பிராம்ப்டனை 1975-இல் தொடங்கினார். அமெரிக்காவில் லேசர் ஆராய்ச்சியில் இருந்த டேவிட் ஹான், பெட்ரோல் நெருக்கடியைப் பார்த்து மடக்கு சைக்கிள் பக்கம் வந்து, 1982-இல் டாஹோன் கம்பெனியைத் தொடங்கினார். அதே எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் எக்ஸான் எண்ணெய்க் கம்பெனி ஸ்டான்லி விட்டிங்ஹாமை வைத்து லித்தியம் பேட்டரியை ஆராய்ந்தது. என் வண்டியின் இரண்டு பாதிகள், மடிப்பும் மின்சாரமும், ஒரே பயத்தில் முளைத்தவை.

மோட்டார் மட்டும் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1881-இல் பாரிஸில் குஸ்தாவ் த்ரூவே ஒரு மூன்று சக்கர வண்டியில் மோட்டார் வைத்து ஓட்டிக்காட்டினார். அந்த வண்டி கவெண்ட்ரியில் செய்தது. 1895 டிசம்பர் 31 அன்று ஒஹையோவைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. படத்தைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பின்சக்கரத்தின் ஹப்புக்குள் மோட்டார், நடுவில் தொங்கும் 10 வோல்ட் பேட்டரி. என் வண்டியின் பாட்டன். அதன் மோட்டார் 100 ஆம்பியர் வரை இழுக்கும் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்து பேட்டரியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

*

இப்போது என் சக்கரத்துக்கு வருகிறேன். வழக்கமான சைக்கிளில் ஹப் சின்னது, ரிம் பெரியது. மூன்று குறுக்கு வெட்டு வைத்துக் கோர்த்தாலும் கம்பி ரிம்மைச் சேரும்போது கிட்டத்தட்ட நேராகவே சேர்கிறது. என் கணக்கில் மூன்று டிகிரிதான் சாய்வு. என் மோட்டாரின் விளிம்பு 12 சென்டிமீட்டர் அகலம், ரிம்மோ குட்டி. தொழிற்சாலையில் அதையும் மூன்று குறுக்கு வெட்டு வைத்தே கோர்த்திருந்தார்கள். கணக்குப் போட்டால் ரிம்மில் 18 டிகிரி சாய்வு வருகிறது. நிப்பிளால் அவ்வளவு சாய முடியாது, அதனால் கம்பி மரைக்குப் பக்கத்திலேயே வளைகிறது. நான்கு கம்பியும் உடைந்தது அங்கேதான்.

ஸ்டார்லி குறுக்கே கோர்த்ததற்குக் காரணம் ஹப் சின்னதாக இருந்தது. மோட்டார் பெரியது, திருப்பும் விசையைக் கொடுக்க அதற்கு அவ்வளவு சாய்வு தேவையே இல்லை. ஒரே ஒரு குறுக்கு வெட்டு போதும். சாய்வு 9 டிகிரியாகக் குறைந்துவிடும். காரணம் போன பிறகும் பழக்கம் தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஒரு குறுக்கு வெட்டுக்குக் கம்பி நீளம் 139 மில்லிமீட்டர். அந்த அளவில் யாரிடமும் இல்லை. பாரிமுனைப் பக்கம் ஒருநாள் முழுக்க அலைந்தபின், குழந்தைகள் ஓட்டும் 16 இஞ்ச் சைக்கிளின் கம்பியை அளந்து பார்த்தேன். 140. நாற்பது வாங்கிக்கொண்டு பாயிடம் போனேன்.

பாய் கம்பியை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார்.

“இது புள்ளைங்க வண்டிக் கம்பி தம்பி. ஏற்கெனவே இருந்தது இதைவிட தடி. அதுவே நிக்கலியே.”

“தடியா இருந்ததாலதான் பாய் நிக்கல. தடிக் கம்பி நீளாது. அது நீளுற அளவுக்கு இழுத்தா ரிம் தாங்காது. அதனால எப்பவும் லூசாவே இருந்துச்சு.”

“ஒரு கிராஸ்?”

“ஒரு கிராஸ்.”

அவர் பதில் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கோர்க்க ஆரம்பித்தார். 36 கம்பிகளையும் கோர்க்க அவருக்கு இருபது நிமிடம் ஆகவில்லை. அதன்பிறகு கோட்டம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து, உரசும் இடத்தில் நிறுத்தி, கால் சுற்று, அரைச் சுற்று. கடைசியில் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டார். “ம். ஏறிடுச்சு” என்று சாவியைக் கீழே வைத்தார்.

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு கம்பி எழுப்பும் சுருதி அதன் இழுவிசையை மட்டும் பொறுத்ததல்ல, நீளத்தையும் பொறுத்தது. பாயின் காது பழகியது 28 இஞ்ச் சக்கரத்தின் முப்பது சென்டிமீட்டர் கம்பிக்கு. அதே சுருதி 14 சென்டிமீட்டர் கம்பியில் வந்தால், அதன் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வீணையில் மெட்டு மேலே போகப் போக சுருதி ஏறுகிற அதே விஷயம். முந்தைய மூன்று முறையும் அவர் காதை நம்பித்தான் நிறுத்தியிருக்கிறார். அம்பது வருஷக் காது. அதனிடம் போய் நான், வாழ்க்கையில் ஒரு சக்கரமும் கட்டாதவன், என்ன சொல்வது?

போனில் இருந்த சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்தேன். கடையில் தொங்கிய 28 இஞ்ச் சக்கரத்தைச் சுண்டினேன். எண்ணைக் காட்டினேன். என் சக்கரத்தைச் சுண்டினேன். “ரெண்டும் ஒரே சத்தம்தான் பாய். ஆனா இது பாதி நீளம்கூட இல்லை.”

பாய் கொஞ்ச நேரம் இரண்டு சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார். பிறகு பெரிய சக்கரத்தில் ஒரு கம்பியை நடுவில் விரலால் அழுத்திப் பிடித்து, மீதிப் பாதியைச் சுண்டினார். சத்தம் எகிறியது. மறுபடியும் செய்து பார்த்தார். “இந்த சத்தம் வர்ற வரைக்கும் ஏத்தணும்னு சொல்றே” என்றார். நான் மூன்று வாரம் படித்து, கணக்குப் போட்டு, ஆப் தேடி வந்ததை அவர் ஒரு விரலில் முடித்துவிட்டார்.

அரைச் சுற்று, கால் சுற்றாக ஏற்றினார். முடிவில் ஒரு கம்பிக்கு ஏறத்தாழ நூறு கிலோவைத் தொங்கவிட்ட இழுவிசை. 36 கம்பிக்கும் சேர்த்தால் மூன்றரை டன்னுக்கு மேல், அத்தனையும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு அந்தக் குட்டி ரிம்முக்குள். இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்து உள்ளங்கையில் பிடித்து ஒரு நெரி நெரித்தார். பிராண்டின் புத்தகம் வளைவுகளில் தங்கியிருக்கும் அழுத்தத்தைப் போக்க இதையே சொல்கிறது. “எதுக்கு பாய் இது?” என்று கேட்டேன். “எங்க உஸ்தாத் செய்வார்” என்றார்.

மற்ற மாற்றங்கள் எல்லாம் சில்லறை. மோட்டார் சக்கரத்தை முன்னால் திருப்பும்போது தன் அச்சைப் பின்னால் திருப்பப் பார்க்கும். அலுமினிய ஃபிரேமில் அது வழுக்கினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும் என்பதால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் அச்சைப் பிடித்துக்கொள்ளும் ஒரு இரும்புத் தகடு அடித்துப் பொருத்தினேன். டயரை அகலமாக்கினேன். பிரேக் கட்டை புதிது. பேட்டரியைத் திறக்கவில்லை, லித்தியத்தோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

அதற்கப்புறம் பதினோரு மாதத்தில் ஒரு கம்பி உடைந்தது. அது பள்ளத்தில் விட்டது, என் தப்பு. பாய் மாற்றிக் கொடுத்து முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

போன மாதம் வண்டி மோட்டாரில் ஓடாமல் நின்றுவிட்டது. திரையில் ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும். கன்ட்ரோலர் போய்விட்டது, அதை அவர்களுடைய சாஃப்ட்வேரால் மட்டும்தான் மோட்டாரோடு சேர்க்க முடியும், அந்த மாடலே இப்போது வருவதில்லை என்றார்கள். இருபது கிலோ வண்டியை மிதித்துக்கொண்டே பாய் கடைக்குப் போனேன். அவர் முதலில் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, நகத்தை வைத்துப் பார்த்தார். கோட்டம் இல்லை. பிறகு ஃபிரேமுக்குள்ளிருந்து நான் கழற்றி எடுத்து வந்த கருப்புப் பெட்டியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு ஸ்க்ரூகூட இல்லாததைக் கண்டு என்னிடம் நீட்டினார்.

“உள்ள என்ன தம்பி இருக்கு?”

“பசை ஊத்தி மூடியிருக்காங்க பாய். திறக்க முடியாது.”

“நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குறே?”

“ஆமா பாய்.”